ரங்கூனுக்குக் கடுதாசியில் வந்த எம்.ஜி.ஆர்.

2019 ஜனவரி 12, சனி – யாங்கோன் (பழைய ரங்கூன்)

வந்து இறங்கியதும் டாலரில் சிக்கல். பணம் மாற்றும் இடத்திலிருந்த பெண் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுவில் மடிப்பு விழுந்ததையெல்லாம் தனியாக ஒதுக்கிச் சிரித்த முகத்தோடு திருப்பித் தள்ளிவிட்டாள். மடிப்பு, கறை, பேனாக் கிறுக்கல் எதுவும் இருக்கக் கூடாதாம். கையில் மிஞ்சியதற்குக் கிடைத்த கியாட், கட்டாகப் பார்த்தால் ஏதோ பெரிய பணம் மாதிரி இருந்தது. நம் ஒரு ரூபாய்க்கு இருபது கியாட்டுக்குக் கொஞ்சம் மேலே. வெளியே காத்திருந்த பெரியம்மா மகன், "வா தம்பி, மீதிய அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அண்ணனை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன். பெரியம்மாவையும் அப்படித்தான். பர்மாவில் நே வின்னின் ராணுவ ஆட்சியில் கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, 1965இல் தாத்தா குடும்பம் கப்பலேறி மெட்ராஸ் வந்தது. வியாசர்பாடியில் பர்மா அகதிகளுக்கு ஒதுக்கிய இடத்தில் குடிசை போட்டது. அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. பெரியம்மாவுக்கு இங்கேயே கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருந்ததால் அவர் வரவில்லை. அக்காவும் தங்கையும் அதன் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அம்மா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அதற்குமேல் தள்ளிப்போட மனமில்லாமல்தான் இந்தப் பயணம்.

வழியெல்லாம் ஒரே கார் நெரிசல். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள். ஸ்டியரிங்கும் வலப்பக்கம், ஓட்டுவதும் சாலையின் வலப்பக்கம். முந்தவேண்டும் என்றால் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்படியே அவ கண்ணு" என்றார். அடுத்த வார்த்தை, "சாப்பிட்டியா?" கெளுத்தி மீன் குழம்பு, ஙப்பி என்கிற மீன் விழுது, அதில் தொட்டுக்கொள்ள வெள்ளரிப் பிஞ்சும் வேகவைத்த வெண்டைக்காயும். ஙப்பியின் வாசனை முதல் வாயில் தூக்கிவாரிப் போட்டது. நான்காவது வாயில் கை தானாகப் போனது.

சுவரில் புத்தர், முருகன், பக்கத்தில் எம்.ஜி.ஆர். தொப்பி இல்லாத, கண்ணாடி இல்லாத, சுருட்டை முடியோடு இருக்கும் எம்.ஜி.ஆர். நான் நினைவு தெரிந்த நாளாகப் பார்த்தது வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத்தான். கேட்டேன். "தொப்பி போட்டவரை அப்புறம் டிவியில பார்த்தோம். எங்க ஆளு இவருதான்" என்றார் பெரியம்மா. படம் அம்மா ஒரு கடிதத்தோடு வைத்து அனுப்பியதாம்.

அப்புறம் அவரே நினைத்துக்கொண்டு, "இன்னிக்குப் பன்னண்டாந்தேதிதானே? அவரைச் சுட்ட நாளு" என்றார். 1967 ஜனவரி 12. எம்.ஆர். ராதா சுட்டு, கழுத்தில் குண்டு பாய்ந்த செய்தியை அம்மா எழுதிய கடிதம் ரங்கூன் வந்து சேர மாசக்கணக்காகிவிட்டதாம். அதற்குள் அவர் பிழைத்து, கட்டுப்போட்ட கழுத்தோடு படுத்தபடியே தேர்தலில் ஜெயித்தும்விட்டார். "எங்களுக்கு அப்பத்தானே தெரியும்? அன்னிக்கு ராத்திரியே காளி கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டோம்."

ஜனவரி 13, ஞாயிறு – யாங்கோன்

காலையில் மொஹிங்கா. வாழைத்தண்டு போட்டுக் கொதிக்கவைத்த மீன் சாற்றை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, சுரைக்காய் பஜ்ஜியைக் கத்திரியால் வெட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். 700 கியாட். காலை ஏழு மணிக்குச் சால்வை கேட்கும் குளிர். பத்து மணிக்கெல்லாம் சட்டை ஒட்டிக்கொள்கிற வெயில்.

அனவ்ரதா சாலையில் 1871இல் நம்மவர்கள் கட்டிய காளி கோயில் இருக்கிறது. கோபுரத்தின் வண்ணம் அடுத்த தெரு வரை தெரிகிறது. தனகா என்கிற மரப்பட்டை விழுது பூசிய கன்னத்தோடு பர்மியப் பெண்களும் சரளமாக உள்ளே வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பூசத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் என்பதால் மாலை போட்ட சிலரையும் பார்த்தேன். அவர்கள் பேசிக்கொண்டது பர்மிய மொழியில்.

அண்ணன் அங்கிருந்து ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். முழங்கால் உயர முக்காலிகள். மேசைதோறும் வெறும் தேயிலைத் தண்ணீர் பிளாஸ்க்கில், அதற்குக் காசில்லை. சமோசாவையும் பலாத்தாவையும் கேட்காமலே தட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள். தின்றதற்கு மட்டும் காசு. பால் டீ 400 கியாட். ஆளைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போடுகிறார்கள். முதலில் கேட்டபோது திரும்பிப் பார்த்துவிட்டேன்.

எங்களுக்காக ஒரு பெரியவர் காத்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், கட்டம்போட்ட லுங்கி, தேய்த்த வெள்ளைச் சட்டை. மெட்ராஸிலிருந்து ஆள் வருகிறது என்று அண்ணன் சொல்லிவைத்திருந்ததால், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதத்தை எடுத்து வந்திருந்தார். நீல ஏரோகிராம். மடித்த இடமெல்லாம் கிழிந்து பின்னால் காகிதம் ஒட்டியிருந்தது. அவருடைய அண்ணன் ஐம்பதுகளிலேயே மெட்ராஸ் போய் ரிக்ஷா இழுத்தவர். அங்கிருந்து எழுதியது.

சென்னை ரிக்ஷாக்காரர்களுக்கு எம்.ஜி.ஆர். மழைக்கோட்டு கொடுத்தது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் மேடைப் பேச்சுகளில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சங்கதிதான். கோட்டை வாங்கியவர் எழுதியதை நான் அதுவரை படித்ததில்லை. பெரியவர் என்னையே படிக்கச் சொன்னார். வீட்டு நலம், ஒரு கடன் பாக்கி, யாருடைய கல்யாணமோ. அதற்கப்புறம் நாலு வரி. எம்.ஜி.ஆர். எங்களுக்கெல்லாம் மழைக்கோட்டு கொடுத்தார். முட்டிக்குக் கீழே வருகிறது. ஐப்பசி மழையில் சவாரி எடுத்தேன், உள்சட்டை நனையவில்லை. ராத்திரி பிள்ளைக்குப் போர்த்திவிட்டேன், ஒழுகுகிற இடத்தில் படுத்தும் நனையாமல் தூங்கினான். அவ்வளவுதான். கீழே மறுபடியும் கடன் பாக்கி.

"படத்துல அவர் செஞ்சதைக் கொட்டகையில பார்த்தோம் தம்பி. வெளியில செஞ்சது கடுதாசியில வந்துச்சு" என்றார் பெரியவர். "கொட்டகையில பார்த்தது பாதி மறந்துபோச்சு."

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்று விளங்குகிறது. நம்மூரில் எம்.ஜி.ஆர். என்றால் கொடியும் சின்னமும் கூடவே வந்துவிடுகின்றன. அவரைப் பற்றி நல்லது சொன்னாலும் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். இங்கே தங்கிவிட்டவர்களுக்கு அந்தக் கதை எதுவும் கிடையாது. 1972இல் கட்சி தொடங்கியதும் 1977இல் முதலமைச்சரானதும் இவர்களுக்கு வெளியூர்ச் சமாச்சாரம். தம் அண்ணனுக்கும் மாமனுக்கும் உதவி செய்த ஒரு மனிதராகவே அவரை வைத்திருக்கிறார்கள். விளம்பரத்துக்குச் செய்தார் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ரிக்ஷாக்காரனாக நடித்து 1971ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கியதைக்கூட அதோடு முடிச்சுப் போடுவார்கள். போடட்டும். அந்தப் பிள்ளை நனையாமல் தூங்கியிருக்கிறான்.

டீக்குக் காசு கொடுக்கப் போனால், பக்கத்து மேசையிலிருந்த பர்மியர் எங்கள் கணக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணனுக்கும் அவர் யாரென்று தெரியவில்லை. வெளியூர்க்காரன் என்று என்னைப் பார்த்துக் கொடுத்திருப்பார் என்றார். இங்கே இது நடப்பதுதானாம்.

ஜனவரி 14, திங்கள் – யாங்கோன்

ஷ்வேடகோன் புத்தர் கோயில். வெளிநாட்டவருக்கு 10,000 கியாட். செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கூடாது. மதியம் போனதால் பளிங்குத் தரையில் உள்ளங்கால் பொரிந்துவிட்டது. பார்க்கவேண்டிய இடம், ஆனால் அந்தி சாயப் போங்கள். அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

திரும்பும் வழியில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தவை தெருவோரத் தண்ணீர்ப் பானைகள். மரத்தடியில் சின்னக் கூரை போட்டு, மூடியும் குவளையுமாக மண்பானைகள். வீட்டுக்காரர்களே காலையில் நிரப்பிவைத்துவிடுகிறார்கள். விடியற்காலையில் பிட்சுக்கள் வரிசையாக வரும்போது சோற்றுப் பாத்திரத்தோடு வாசலில் காத்திருக்கிறவர்களும் இதே வீட்டுக்காரர்கள்தான். எம்.ஜி.ஆர். யார் என்று பர்மிய அக்கம்பக்கத்தார் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். "நடிகர், நிறைய தானம் பண்ணினவர்னு சொல்வேன். அதுக்கு மேல கேக்க மாட்டாங்க" என்றார்.

மாலையில் பழைய தெருக்களில் சுற்றினேன். எம்.ஜி.ஆர். சினிமாவுக்கு வருமுன்னரே, நாடகப் பையனாக எம். கந்தசாமி முதலியாரின் வழிகாட்டலில் ரங்கூன் வந்து பெண் வேடம் போட்டு நடித்திருக்கிறார். எந்த இடத்தில் மேடை போட்டிருப்பார்கள் என்று கோயிலிலும் டீக்கடையிலும் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் நினைவில்லை. நினைவிருக்க வேண்டிய வயதுக்காரர் எவரும் உயிரோடும் இல்லை. ஆனாலும், அப்பா இல்லாத ஒரு பையன் சேலை கட்டி வசனம் பேசிவிட்டு இந்தத் தெருக்களில் ஏதோ ஒன்றில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கும்போது, கால் நகர மறுத்தது.

ஜனவரி 15, செவ்வாய் – யாங்கோன்

பொங்கல். சந்துக்குள்ளேயே மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினார்கள். மஞ்சள் கொத்தும் கரும்பும் கிடைத்தன. எதிர்வீட்டுப் பர்மிய அம்மா வாழைச் சீப்போடு வந்து, வலது கையால் நீட்டி இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி கொடுத்தார். மரியாதைக்கு அப்படித்தான் கொடுப்பார்களாம். பொங்கியபோது அவரும் குலவை மாதிரி ஏதோ சத்தம் கொடுத்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் பேத்தி, பத்து வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் தமிழ்ப்பெயர் வைத்திருப்பவள், என்னிடம் கேட்டாள். "சித்தப்பா தாத்தா, அவர் ஸ்கூல் பிள்ளைங்களுக்கெல்லாம் சோறு போட்டாராமே. நிஜமா?"

"நிஜம்தான். நான் சாப்பிட்டிருக்கேன்" என்றேன்.

பெரியம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கிவைத்தார். முதலில் கிராமங்களில், சில மாதங்களில் நகரங்களுக்கும் வந்தது. வியாசர்பாடியில் எங்கள் பள்ளிக்கு வந்தபோது எனக்கு இரண்டாம் வகுப்பு. அப்பாவுக்கு வேலை இல்லாத வருடங்கள் அவை. வீட்டிலிருந்து அலுமினியத் தட்டு கொண்டுபோவேன். தட்டின் அடியில் அம்மா ஆணியால் என் பெயரின் முதலெழுத்தைக் குத்தியிருந்தார். மணி அடித்ததும் வரிசை. ஆயாம்மா வெறும் கையால் தட்டைத் தொட்டு நிமிர்த்திவிட்டு, கரண்டி நிறையச் சாம்பார் சாதம் போடுவார். பூசணிக்காய்த் துண்டு கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். சூடு தாங்காமல் தட்டைச் சட்டைத் துணியால் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடுவோம். சில நாள் ராத்திரி வீட்டில் ஒன்றும் இருக்காது. மத்தியானம் சாப்பிட்டது போதும் என்று அம்மாவிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

"அவ எழுதவே இல்லையே" என்றார் பெரியம்மா. "நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்னுதானே எல்லா லெட்டர்லயும் இருக்கும்."

எம்.ஜி.ஆர். யாருக்கு என்ன கொடுத்தார் என்பதை அம்மா விடாமல் எழுதியிருக்கிறார். 1962இல் சீனப் போர் நேரத்தில் 75,000 ரூபாய் கொடுத்ததை இங்கே வந்த உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டவர்கள், பிறகு வந்த செய்திக்கெல்லாம் அம்மாவின் கடிதங்களைத்தான் நம்பியிருந்தார்கள். தன் மகன் தட்டை ஏந்தி நின்றதை மட்டும் அம்மா அக்காவிடம் மறைத்துவிட்டார்.

பெரியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை கரண்டி? மறுபடி கேட்டால் போடுவார்களா? முட்டை உண்டா? ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய்? பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில், "பசியில கிடந்தவருக்குத்தான் பசி தெரியும்" என்றார். அதுவும் அவருக்கு அம்மா எழுதித் தெரிந்ததுதான். எம்.ஜி.ஆர். இலங்கையில் கண்டிப் பக்கம் நாவலப்பிட்டியில் பிறந்து, சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, தாயார் சத்யபாமா கும்பகோணத்தில் இரண்டு ஆண் பிள்ளைகளை வளர்க்கப் பட்ட பாடு. சோறு கிடைக்கும் என்றுதான் சக்ரபாணியும் ராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள். சத்துணவுக்குக் காரணமே தான் சிறுவயதில் கிடந்த பட்டினிதான் என்று பின்னாளில் அவரே சொன்னார். அவர் குடியிருந்த ராமாவரம் தோட்டத்தில் அடுப்பு அணையாமல் எரிந்ததற்கும், வந்தவரிடம் முதலில் சாப்பாட்டைப் பற்றி விசாரித்ததற்கும் வேறு விளக்கம் தேவையில்லை.

பேத்தி எழுந்துபோய் இன்னொரு தட்டில் பொங்கல் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். வயிற்றில் இடமில்லை. சாப்பிட்டேன்.

ஜனவரி 16, புதன் – ரயிலில்

மௌலமியைன் ரயில். சுமார் பத்து மணி நேரம். தண்டவாளம் பெட்டியை மேலும் கீழும் தூக்கிப்போட்டதில் மேல்தட்டிலிருந்த பை இரண்டு முறை என் மடியில் வந்து விழுந்தது. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தால் பாதி சட்டைக்கு. எதிரே இருந்த பாட்டி ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக என் கையில் வைத்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை பேச்சில்லை. இறங்கும்போது என் பையைச் சுட்டிக்காட்டிப் பத்திரம் என்பதுபோல் தலையாட்டினார். சித்தாங் ஆற்றைத் தாண்டியபோது வெயில் சாய்ந்திருந்தது. இடுப்பு வலி.

ஜனவரி 17, வியாழன் – முதோன் பக்கம்

அண்ணி வழி உறவுக்காரர்கள் மௌலமியைனுக்குத் தெற்கே முதோன் அருகில் இருக்கிறார்கள். ரப்பர்த் தோட்டங்களும் வயலுமான ஊர். இங்கே தமிழ் கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது. கிழவர்களின் பேச்சைக் கேட்டால் ராமநாதபுரம் பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

சாலை முக்கில் ஒரு தமிழ் அம்மா டீக்கடை. தோசை 500 கியாட், கூட உப்பும் காரமும் தூக்கலான பருப்பு. சாப்பிட்டுவிட்டு நோட்டை நீட்டினால், "தோசைக்குக் குடுங்க. டீக்கு இன்னிக்கு வாங்குறதில்ல" என்றார். ஏன் என்றேன். "வாத்தியார் பிறந்தநாளு."

கடையில் படமில்லை, மாலையில்லை, பாட்டில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் மோன் இனத்துக்காரர்கள், என்ன விசேஷம் என்றுகூடக் கேட்காமல் குடித்துவிட்டுப் போனார்கள். கடைக்கார அம்மாவின் அப்பா ஒவ்வொரு வருடமும் செய்துகொண்டிருந்தாராம். அப்பா போன பிறகு இவர் செய்கிறார். பால் விலை ஏறியிருக்கிறதே, கட்டுப்படியாகிறதா என்று கேட்டேன். "ஒரு நாளுதானே" என்றார்.

நான் அவருக்கு ராமாவரம் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 1987 டிசம்பர் 24ஆம் தேதி எம்.ஜி.ஆர். இறந்தார். அதே வருடம் ஜனவரியில் எழுதிவைத்த உயிலில், தோட்டத்தின் ஒரு பகுதியைக் காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளின் பள்ளிக்கென்று ஒதுக்கியிருந்தார். அந்த அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இது அவருக்குத் தெரியாத செய்தி.

"வாய் பேசாத பிள்ளைங்களுக்கா?"

"ஆமாம்மா. குண்டடி பட்டதுல அவர் குரலே மாறிப்போச்சு. அதோடயே அத்தனை படம் நடிச்சாரு. 1984ல பக்கவாதம் வந்து பேச்சு இன்னும் மோசமாச்சு. அமெரிக்காவுல சிறுநீரக ஆபரேஷன் பண்ணிட்டு வந்தப்புறமும் சரியா பேச வரல."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தவர், "பேச வராத கஷ்டம் தெரிஞ்சு குடுத்திருக்காரு" என்றார். அப்புறம் பின்பக்கம் திரும்பி, "இங்க வாங்க, இந்தத் தம்பி சொல்றதைக் கேளுங்க" என்று புருஷனைக் கூப்பிட்டார். அவர் வந்ததும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், அவருக்கும் சொன்னேன். இந்த ஊருக்கு இப்போது கடிதம் வருவதில்லை. போன் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, பழைய படங்கள் எல்லாம் பார்க்கிறார்கள். உயில் சங்கதியை யாரும் சொல்லவில்லை.

"இப்பவும் அந்தப் பள்ளிக்கூடம் நடக்குதா? எத்தனை பிள்ளைங்க இருக்கும்? தங்கிப் படிக்குதுங்களா?" என்று கேட்டார். நடக்கிறது என்றேன். எண்ணிக்கையை விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

எனக்கு மூன்றாவது டீயும் வந்தது. அதற்கும் காசு வாங்கவில்லை.

ஜனவரி 18, வெள்ளி – திரும்பும் வழி

பஸ்ஸில் குளிர்சாதனத்தைக் கடைசிவரை குறைக்கவில்லை. எல்லோரும் கம்பளி கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்து இருக்கை இளைஞன் தன் போர்வையின் ஒரு முனையை என் முழங்கால்மேல் போட்டுவிட்டுத் தூங்கிப்போனான். வழியில் டயர் வெடித்து ஒரு மணி நேரம் நின்றோம். அந்த இடத்தில் பொமேலோ விற்றுக்கொண்டிருந்த பெண், காத்திருந்தவர்களுக்கெல்லாம் உரித்துக் கொடுத்துவிட்டு, வாங்கியவர்களிடம் மட்டும் காசு வாங்கினாள். நான் இரண்டு வாங்கினேன், பெரியம்மாவுக்கு.

முதோன் அம்மாவின் புருஷன் அண்ணனிடம் போனில் என் எண்ணை வாங்கிக்கொண்டு, யாங்கோன் வந்து சேருமுன்னரே குரல் செய்தி அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள், மத்தியானம் என்ன சாப்பாடு, கேட்டுச் சொல்லச் சொன்னாள் என்று. ஊர் போனதும் ராமாவரம் போய் நேரிலேயே பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொல்கிறேன்.